ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு மலையூர் இருக்கிறது. அங்கிருந்து ஃபீனிக்ஸ் நகரத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜனவரியில் ஃபிளாக்ஸ்டாஃபின் சராசரிப் பகல் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் மைனஸ் 8. அதே மாதத்தில் ஃபீனிக்ஸில் பகலில் 20, விடியலில் 7 அல்லது 8. காலைக் காபியை அங்கே குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்து சேர்ந்தால், கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிடலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே பெரிய தூரமில்லை. மேலே இருப்பது 6,900 அடி உயரத்தில், கீழே இருப்பது 1,100 அடியில். வித்தியாசம் அவ்வளவுதான்.

வேனிலோ ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியிலோ காரின் பின்சீட்டிலோ குடியிருக்கிறவர்களுக்கு இதுதான் குளிர்காலத்தின் முதல் பாடம். வீட்டில் இருப்பவர் குளிரடித்தால் ஹீட்டரைத் திருப்புகிறார்; வண்டியில் இருப்பவர் சாவியைத் திருப்பலாம். அப்படி வாழ்கிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டவர்கள், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியவர்கள், ஊர் ஊராகப் பருவ வேலை தேடிப் போகிறவர்கள், விரும்பியே இந்த வாழ்க்கைக்கு வந்தவர்கள் என்று பல வகை. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமாட்லேண்ட்’ இவர்களைப் பற்றியதுதான். அந்தப் புத்தகத்தை வைத்து க்ளோயி ஜாவ் எடுத்த படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. படம் பார்த்தவர்களுக்குப் பாலைவனமும் வரிசையாக நிற்கும் வண்டிகளும் நினைவில் இருக்கும். அந்த வண்டிகள் ஏன் குறிப்பாக அங்கே வந்து நிற்கின்றன என்பதை டீயோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் டிசம்பர் விடுமுறைக்கு கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்துக் கிளம்புகிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்குத்தான் உதவும்.

சூரிய வெப்பம் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது. தரை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். ஈரமில்லாத காற்று எழும்போது பத்து டிகிரிகூடக் குறையும். வண்டிக்காரர்களுக்கு வசதியாகச் சுருக்கினால், ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி. ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் ஃபீனிக்ஸுக்கும் 5,800 அடி வித்தியாசம். கணக்குப்படி ஏறத்தாழ 12 டிகிரி வர வேண்டும். உண்மையில் பகலில் 14 இருக்கிறது. கையால் போட்ட கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதும்.

இதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகலாம். கோடையில் உயிரை வாங்கும் இடம். குளிர்காலத்தில் முகாமிட அருமையான இடம். பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த புள்ளியான பேட்வாட்டர், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. ஃபர்னஸ் க்ரீக் முகாம் மைதானம் மைனஸ் 196 அடியில். ஜனவரியில் அங்கே பகல் 19 டிகிரி, இரவு 4, 5. மேற்கே மலை ஏறினால் வைல்ட்ரோஸ் முகாம் 4,100 அடியில் இருக்கிறது. கணக்குப்படி பகலிலேயே பத்து டிகிரிதான். இன்னும் ஏறினால் மஹோகனி ஃபிளாட், 8,200 அடி. குளிர்காலத்தில் அந்தப் பாதையைப் பனி மூடிவிடும். ஒரே பூங்கா, ஒரே நாள். கீழே அரைக்கைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மேலே வண்டியே போக முடியாது. பூங்காவின் முகாம் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உயரத்தையும் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்க் கட்டணத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் உயரத்தை முதலில் பாருங்கள்.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது வேறு: வரைபடத்தை எடுத்துத் தெற்கே விரல் வைப்பார்கள். மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் என்றால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எல்லையிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் பிஸ்பி என்ற ஊர் ஏறத்தாழ 5,500 அடியில் இருக்கிறது. அங்கே பனி விழும். நியூ மெக்சிகோவின் தெற்கில் சில்வர் சிட்டியும் அப்படியே, ஆறாயிரம் அடியை ஒட்டி. இவற்றைவிட வடக்கே, கொலராடோ ஆற்றின் கரையில் இருக்கும் நீடில்ஸ் வெறும் 500 அடி உயரம். ஜனவரியில் அங்கே இதமாக இருக்கும். தெற்கு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பகல் சற்று நீளும், வெயில் சற்று உயர்ந்து வரும். ஆனால் வரைபடத்தில் உயரம் தெரியாமல் திசையை மட்டும் நம்பினால் முதல் இரவே நடுங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வானிலைத் தகவலில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பகலின் உச்ச வெப்பம். ‘ஜனவரியில் 19 டிகிரி’ என்று படித்ததும் மனம் குளிர்ந்துவிடும். வண்டியில் இருப்பவர் படிக்க வேண்டியது பக்கத்தில் சிறியதாக இருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலையை. டிசம்பர் கடைசியில் அந்தப் பகுதியில் பகல் பத்து மணி நேரம், இரவு பதினான்கு மணி நேரம். பகலில் எப்படியும் வெளியில் நடமாடுவீர்கள், வெயிலில் உட்காருவீர்கள். தகரச் சுவருக்குள் அடைந்து கிடக்கப்போவது அந்தப் பதினான்கு மணி நேரம்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன டிகிரி என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உயரத்தைப் பற்றி இதுவரை சொன்னதை இரவு, ஒரு சிறிய எல்லைக்குள், தலைகீழாக்கிவிடும்.

பாலைவனத்தில் மேகமில்லை, ஈரமில்லை. பொழுது சாய்ந்ததும் தரை தன் வெப்பத்தையெல்லாம் திறந்த வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. நள்ளிரவுக்கு மேல் பள்ளத்தின் அடியில் ஒரு குளிர்க்குளம் நிரம்பிக் கிடக்கும். அதற்குச் சில பத்து மீட்டர் மேலே, சரிவின் இடுப்பில் நின்றால், சில டிகிரி வெப்பம் அதிகம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஊட்டியில் உறைபனி என்றால் முதலில் தலைக்குந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும்தான் புல் வெளுக்கும். இரண்டும் தாழ்வான வெளிகள். கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பள்ளத்தை விட்டுவிட்டுச் சரிவில் நட்டதற்கும் இதே காரணம். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் யூட்டா மாநிலத்தின் பீட்டர் சிங்க்ஸ் என்ற கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கிறது. 1985 பிப்ரவரி 1 அன்று அங்கே மைனஸ் 56 டிகிரி பதிவானது. குளிர்ந்த காற்று உள்ளே வரும், வெளியேற வழி கிடையாது.

ஆகவே உயரக் கணக்கைப் போட்டு ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஊருக்குள் இடம் பார்க்கும்போது இரண்டாவது கணக்கு வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வந்து சேருங்கள். பக்கத்தில் யாராவது அடுப்போ விறகோ மூட்டியிருந்தால் புகையைக் கவனியுங்கள். எழுந்த புகை கொஞ்ச உயரத்தில் மடங்கி, பாய் விரித்தது போலப் படுத்துக்கொண்டால், நீங்கள் நிற்பது அந்தக் குளத்தின் அடியில். பொழுது சாய்ந்த பிறகு அகலமான பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி மெதுவாக நடந்து பாருங்கள். கணுக்காலில் இருந்த சில்லிப்பு ஓரிடத்தில் சட்டென்று விட்டுப்போகும். கன்னத்தில் படும் காற்று மாறியது தெரியும். வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். குன்றின் உச்சிவரை போக வேண்டாம், அங்கே காற்று பிடுங்கும். பள்ளத்துக்கு மேலே, உச்சிக்குக் கீழே, சமதரையாக இருக்கும் மேட்டுத் திட்டுதான் நல்ல இடம்.

வறண்ட ஓடைப் படுகைகளை இன்னொரு காரணத்துக்காகவும் விட்டுவிட வேண்டும். அழகான மணல், ஓரத்தில் நிழல் தரும் மரங்கள், காற்றுக்கு மறைவு. பார்த்தவுடன் நிறுத்தத் தோன்றும். தூரத்து மலையில் மழை பெய்தால், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மெல்லிய மணலில் சக்கரம் புதைந்தால் அவசரத்துக்கு வண்டியை எடுக்கவும் முடியாது. சரளை பரந்த கெட்டித் தரையைப் பாருங்கள்.

அடுத்தது வெயில். டிசம்பர் 21 அன்று குவார்ட்சைட் என்ற பாலைவன ஊரில் நண்பகல் சூரியன் தெற்கே 33 டிகிரி உயரம்தான் ஏறும். தெற்கே 150 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் உயரக் குன்று ஒன்று இருந்தால், அன்று நண்பகல் வெயில் வண்டியை எட்டவே எட்டாது. பகல் நேரத்தில் ‘இந்தக் குன்று காற்றை மறைக்கும்’ என்று நினைத்து அதன் வடக்குப் பக்கம் நிறுத்துகிறவர்கள், பகல் முழுக்க நிழலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். குன்று உங்களுக்கு வடக்கே இருக்கட்டும். உதயமும் நேர் கிழக்கில் நிகழாது. ஏறத்தாழ தென்கிழக்கில் எழும். அந்தத் திசை திறந்திருந்தால் காலை வெயில் முன்னதாகவே வந்து கண்ணாடியைத் தட்டும். குளிர்ந்த இரவுக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் பொன்னான நேரம். அமெரிக்க வேன்களில் சறுக்குக் கதவு பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். முகப்பைக் கிழக்கே வைத்து நிறுத்தினால் காலை வெயில் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். கதவு தெற்கே திறக்கும். வாசலிலேயே உட்கார்ந்து குளிர்காயலாம்.

கூரையில் சோலார் பேனலைப் படுக்கையாகப் பொருத்தியவர்களுக்கு இந்தச் சாய்ந்த வெயில் ஒரு செய்தி சொல்கிறது. அன்று நண்பகலில்கூட அது நேராக விழும் வெயிலில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் வாங்கும். தெற்கே சாய்த்து வைக்க வழி இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5 டிகிரி வெப்பத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 0 டிகிரி. வண்டியின் தகரமும் அதே காற்றில் வெப்பத்தை இழக்கும். மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வாயில்களில் நிறுத்த வேண்டாம். கலிஃபோர்னியாவின் சான் கோர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் அடர்ந்து நிற்கின்றனவே, அந்தக் காற்று உங்கள் வண்டியையும் விடாது.

இத்தனை கணக்கும் ஒன்றாகக் கூடி வரும் இடங்களில்தான் ஆண்டுதோறும் வண்டிகள் சேர்கின்றன. அவற்றில் பேர்பெற்றது குவார்ட்சைட். அரிசோனாவின் மேற்கு ஓரத்தில் 880 அடி உயரத்தில் இருக்கிறது. ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். குளிர்காலத்தில் சுற்றியுள்ள பாலைவனமே ஊராகிவிடும். ஜனவரியில் கல், ரத்தினக் கண்காட்சிகள். பாப் வெல்ஸ் தொடங்கிய ரப்பர் டிராம்ப் ராண்டேவூ என்ற வண்டிவாசிகளின் கூட்டமும் இந்த வட்டாரத்தில்தான் நடந்துவந்தது. ஊர்க் கல்லறையில் உச்சியில் செப்பு ஒட்டகம் வைத்த ஒரு சிறிய பிரமிடு நிற்கும். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகங்களைச் சோதித்துப் பார்த்தபோது அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலியின் சமாதி அது. அங்கே போகிறவர்கள் பார்க்காமல் வரக் கூடாது.

அங்கே தங்க முடிவதற்குக் காரணம் நிலம் அரசுடையது என்பதுதான். பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில நிர்வாகத் துறையிடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில், தடை இல்லாத இடங்களில், பொதுவாக 14 நாள்வரை காசில்லாமல் தங்கலாம். பிறகு நகர்ந்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தையே கிளப்புவது முதியவர்களுக்குச் சிரமம். அதற்காகவே 1983இல் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் ஏற்படுத்தப்பட்டன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஒரே அனுமதிச் சீட்டில் ஏழு மாதம் இருக்கலாம். பல ஆண்டுகளாக அதற்கு 180 டாலர்தான் வாங்கினார்கள். போகுமுன் இப்போதைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குவார்ட்சைட்டை ஒட்டிய லா போசா பகுதியில் தண்ணீர் பிடிக்கவும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும், குப்பை போடவும் வசதி உண்டு. மாத வாடகையே ஆயிரக்கணக்கான டாலர் போகும் ஒரு நாட்டில், முதியவர் ஒருவர் ஒரு குளிர்காலத்தை உறையாமல் கழிக்க இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். இதைக் குறைக்கக் கூடாது, பெருக்க வேண்டும்.

அங்கும் குளிர் என்பவர்கள் இன்னும் தெற்கே, இன்னும் தாழ்வாக யூமாவுக்குப் போகிறார்கள். 141 அடி உயரம். ஆண்டுக்கு 4,000 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும், உலகிலேயே அதிக வெயில் காணும் ஊர் என்று பெயரெடுத்தது. ஜனவரி இரவுகள் 8 டிகிரியை ஒட்டி இருக்கும்.

கடலோரம் வேறு வகை. பெரிய நீர்ப்பரப்பு இரவின் குளிரைத் தணிக்கும். டெக்சாஸின் பாட்ரே தீவில் கடற்கரை மணலிலேயே வண்டியை நிறுத்தி உறங்கலாம். ஆனால் கனடாவிலிருந்து தெற்கு வரைக்கும் குறுக்கே மலை கிடையாது. வடதுருவக் காற்று கிளம்பினால் தடையில்லாமல் மெக்சிகோ வளைகுடாவரை வந்து இறங்கும். 2021 பிப்ரவரியில் அப்படி வந்தபோது சவுத் பாட்ரே தீவில் ஆயிரக்கணக்கான கடலாமைகள் குளிரில் விறைத்துக் கரை ஒதுங்கின. மாநாட்டு மண்டபத்தில் அவற்றை வரிசையாகக் கிடத்திக் காப்பாற்றினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கான முன்னறிவிப்பை நாள்தோறும் பார்த்தபடி இருக்க வேண்டும். பாலைவனத்தில் இருப்பவருக்கு அந்தப் பதற்றம் குறைவு என்பதால், முதல் குளிர்காலத்துக்கு நான் பாலைவனத்தையே சொல்வேன்.

இடத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் வண்டியின் உள்ளே இருக்கிறது. குளிரான இடத்தில் நிறுத்திவிட்டு ஹீட்டரால் சமாளித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டர், எரிக்கும் ஒவ்வொரு கிலோ வாயுவுக்கும் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக உள்ளேயே விடுகிறது. மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். விடியும்போது கண்ணாடியில் வழியும், தகரத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும்; சில வாரங்களில் பூஞ்சணம். ஈரமான மெத்தை உலர்ந்த மெத்தையைவிடக் குளிரும், எனவே ஹீட்டரை இன்னும் கூட்டத் தோன்றும். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். எரியும் எதையும் உள்ளே வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே விடும் டீசல் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்தி, அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். எத்தனை குளிரானாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இன்றைய லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது, கெட்டுவிடும். இரவு 6 டிகிரியோடு நின்றுவிடும் ஒரு மேட்டில் நல்ல போர்வையும் சுடுநீர்ப் பையும் போதும். மேலே சொன்ன தொல்லைகளில் பாதி உங்களைத் தேடி வராது.

மார்ச் வந்ததும் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். யூமாவில் மே மாதப் பகல் சராசரியே 35 டிகிரி. தகரக் கூரைக்குள் அது இன்னும் கொடுமை. ஏப்ரல் நடுவில் நீண்டகாலத் தங்கல் பருவமும் முடிகிறது. அங்கிருந்து காட்டன்வுட் 3,300 அடி, பிரெஸ்காட் 5,400 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி என்று படிப்படியாக ஏறலாம். அவசரம் மட்டும் வேண்டாம்: மே மாதத்திலும் ஃபிளாக்ஸ்டாஃபின் விடியல் 2 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜூன் பிறந்த பிறகு அங்கே போங்கள். அதுவரை பிரெஸ்காட் பக்கத்துக் காடுகளில் இருந்துகொள்ளலாம்.